கணினிக்கும் ஒரு போகி வேண்டாமா?

போகிக்கு முதல் நாள் பரணில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும், ஒரு வீட்டில் எத்தனை வேண்டாத சாமான் என்று! எல்லாம் "இருந்துட்டுப் போகட்டுமே" என்று எடுத்து வைத்தவை. நிறுவனங்களின் கணினியிலும் இப்படி ஒரு பரண் உண்டு.

மண்ணூர்பேட்டையை ஒட்டி இருப்பது, 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. அங்கே வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விற்பனை விவரங்களை பவர் பிஐ-யில் ஏற்றி மாதாமாதம் அறிக்கை எடுக்கிறார்கள். வாடிக்கையாளர் பட்டியலில் 'டின் எண்' என்று ஒரு ஃபீல்டு. 2007 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தபோது தேவைப்பட்ட 11 இலக்க எண் அது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் உதிரிபாக வியாபாரத்தில் அதற்கு வேலை போய்விட்டது. ஃபீல்டு மட்டும் போகவில்லை! பக்கத்திலேயே பான் எண்ணுக்கு ஒரு ஃபீல்டு. 15 இடமுள்ள ஜி.எஸ்.டி. எண்ணில் மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை இருப்பதே பான் எண்தானே?

இருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 'ரேட்', 'ரேட்1' என்று இரண்டு ஃபீல்டு இருந்து, புதிதாகச் சேர்ந்த பையன் பழையதை இழுத்துப் போட்டால்? அதைப் பார்த்து முதலாளி கொட்டேஷன் கொடுத்தால்? நஷ்டம் அங்கேதான்.

இடப் பிரச்சினையும் உண்டு. பவர் பிஐ ஒவ்வொரு ஃபீல்டையும் தனித்தனியாகச் சுருக்கி வைக்கிறது. மாநிலப் பெயர் போலத் திரும்பத் திரும்ப வருவது நன்றாகச் சுருங்கும். வரிக்கு வரி மாறும் பில் எண், நொடி வரை பதிவான நேரம் எல்லாம் சுருங்காது. வேலையை விட்டுப் போனவரின் செல்போன் எண் அறிக்கையில் கிடந்தால் அது இன்னும் மோசம். தேவை முடிந்த தனிநபர் விவரத்தை அழிக்க வேண்டும் என்பதே 2023-ல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கு.

எதை நீக்குவது? எந்த ஃபீல்டு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று டாக்ஸ் ஸ்டுடியோ காட்டும். எது எங்கே பயன்படுகிறது என்று மெஷர் கில்லர் சொல்லும். அறிக்கையில் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக வெட்டிவிடக் கூடாது. இரண்டு அட்டவணைகளை இணைப்பது அதுவாக இருக்கலாம். மாதங்களை ஏப்ரல் முதல் வரிசைப்படுத்துவது அதுவாக இருக்கலாம். யார் எதைப் பார்க்கலாம் என்று தடுப்பதும் அதுவாக இருக்கலாம்.

மென்பொருளுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. மார்ச் கணக்கு முடிக்கும்போது மட்டும் எக்செலில் இழுத்துப் பார்க்கும் ஃபீல்டு எது என்று அக்கவுண்டன்ட்டுக்குத்தான் தெரியும். கணினி படித்த இளைஞரும் கணக்கு தெரிந்த பெரியவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இந்த வேலை உருப்படும். முதலில் மறைத்து வைத்து, ஒரு காலாண்டு பொறுத்து, யாரும் தேடவில்லை என்றால் நீக்கலாம்.

பயப்பட வேண்டாம், மூலக் கணக்கை யாரும் எரிக்கப் போவதில்லை! கம்பெனிகள் சட்டமே கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. மூலத்தில் இருக்கட்டும், அறிக்கையில் எதற்கு?

வருடத்துக்கு ஒரு நாள் பரணில் ஏறுகிறவர்கள், அன்றே கணினிக்குள்ளும் ஒருமுறை ஏறிப் பார்க்கலாமே!