பூங்காவுக்குமா கத்திரி?

வரவு குறைந்துவிட்டது, செலவு மிகுந்துவிட்டது, துண்டு விழுகிறது! எந்த நாட்டு நிதியமைச்சரும் பெட்டியைத் திறந்தவுடன் பாடுகிற பல்லவி இது. பல்லவி முடிந்ததும் கத்திரிக்கோலைக் கையில் எடுக்கிறார். எங்கே வெட்டுவது? இராணுவத்தில் கை வைத்தால் தளபதிகள் முறைப்பார்கள். முதலாளிகளுக்குத் தந்த வரிச் சலுகையில் கை வைத்தால் பணமூட்டைகள் முகம் சுளிக்கும். ஆகவே, வாய் பேசாத இடமாகப் பார்க்கிறார். மரம் பேசுமா? புல்தரை வழக்குமன்றம் ஏறுமா? ஊஞ்சல் ஊர்வலம் போகுமா? விழுகிறது வெட்டு, பூங்காவின் மீது!

நாம் இன்று சொல்ல வந்தது இங்கிலாந்து நாட்டுப் பூங்காக்களின் கதை. "பஞ்சப்படி, போனஸ், ஆள்குறைப்பு என்று ஆயிரம் கவலை நமக்கு இருக்கும்போது, எங்கோ சீமையில் இருக்கும் பூங்காவைப் பற்றி நமக்கென்ன?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பூங்காக்கள் சீமான்கள் வளர்த்த பூந்தொட்டிகள் அல்ல. தொழிலாளி கேட்டுப் பெற்றவை. சில இடங்களில் போராடிப் பெற்றவை. அவன் பெற்றதை எப்படி ஓசையில்லாமல் பறிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், நாளை நம் வீட்டு வாசலில் அதே கத்திரி வந்து நிற்கும்போது அடையாளம் தெரியும்.

புகைக் காட்டில் ஒரு பசுமை

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற ஊர்கள் புகைக்கூண்டுக் காடுகளாயின. கிராமத்துப் பொது நிலங்களைச் சட்டம் போட்டு வேலியடைத்துக்கொண்டார்கள் பிரபுக்கள். நிலம் இழந்தவன் நகரத்துக்கு வந்தான். பகலெல்லாம் ஆலையில் நின்றான். இரவில் காற்று நுழையாத அறையில் படுத்தான். உலாவ இடமில்லை, பிள்ளை ஓடி விளையாட இடமில்லை. இதை நாம் சொல்லவில்லை. 1833-இல் பார்லிமெண்டின் குழு ஒன்றே விசாரித்துச் சொன்னது. கிழக்கு லண்டனில் ஒரு பூங்கா அமைத்தால் ஆண்டுதோறும் பல ஆயிரம் சாவுகள் குறையும் என்று 1839-இல் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் அறிக்கை கணக்குப் போட்டது. அடுத்த ஆண்டே 30,000 பேர் கையெழுத்திட்டு விக்டோரியா அரசியிடம் மனுக் கொடுத்தார்கள். அந்த மனுவின் விளைவுதான் 1845-இல் திறக்கப்பட்ட விக்டோரியா பூங்கா. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'மக்கள் பூங்கா'.

1846-இல் மான்செஸ்டர், சால்ஃபோர்டு ஊர்களில் பொதுமக்கள் சந்தா திரட்டி ஒரே நாளில் மூன்று பூங்காக்களைத் திறந்தார்கள். 1847-இல் பர்க்கன்ஹெட் ஊரில், பொதுப் பணத்தைச் செலவிட்டு, எல்லோருக்கும் கட்டணமில்லாமல் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்தது அது. 1850-இல் அதைப் பார்க்க வந்த ஓர் அமெரிக்கர் வியந்துபோய் நின்றார். அவர் பெயர் ஃப்ரெடரிக் லா ஓம்ஸ்டெட். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவைப் பின்னாளில் வடிவமைத்த இருவரில் ஒருவர்.

காற்று வாங்க மட்டுமா பூங்கா? 1866 ஜூலை 23-ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். தொழிலாளிக்கு ஓட்டுரிமை கேட்டு லண்டன் ஹைடு பூங்காவில் கூட்டம் என்று அறிவித்தது சீர்திருத்தச் சங்கம். கூட்டத்துக்குத் தடை போட்டார் உள்துறை அமைச்சர். பூங்காவின் கதவுகள் பூட்டப்பட்டன. போலீஸ் படை நின்றது. திரண்டு வந்த மக்கள் கதவைப் பார்த்தார்கள், பூட்டைப் பார்த்தார்கள், பக்கத்திலிருந்த கம்பி வேலியைப் பார்த்தார்கள். வேலி சாய்ந்தது! மறு ஆண்டு மே மாதம் மீண்டும் தடை. தடையை மீறி மீண்டும் கூட்டம். அமைச்சர் பதவி விலகினார். அதே 1867-இல் வந்த சட்டம் நகரத் தொழிலாளர்களில் பெரும் பகுதியினருக்கு ஓட்டைத் தந்தது. மண்டபத்துக்கு வாடகை கொடுக்க முடியாதவனுக்கு மண்டபம், பூங்காவின் புல்தரைதான். அதைப் பூட்டுவது அவன் வாயைப் பூட்டுவதாகும்.

'லாம்' செய்த வேலை

இவ்வளவு பாடுபட்டுப் பெற்றதைச் சட்டம் எப்படிக் காத்தது? 1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், உள்ளாட்சி மன்றங்கள் பூங்கா அமைக்கலாம், பராமரிக்கலாம் என்றது. கவனியுங்கள் தோழர்களே! அமைக்க'லாம்', பராமரிக்க'லாம்'. 'வேண்டும்' என்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் நூலகத்துக்கு 1964-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயம் என்று இருக்கிறது. முதியோர் பராமரிப்புக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளின் பாதுகாப்புக்கும் சட்டத்தின் கட்டாயம் உண்டு. பூங்காவுக்கு மட்டும் 'லாம்'. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அது மாறவில்லை.

பணம் இருந்த காலத்தில் இந்த 'லாம்' யார் கண்ணையும் உறுத்தவில்லை. 2010-இல் வந்தது 'சிக்கனம்'. 2008-இல் வங்கி முதலாளிகளின் சூதாட்டத்தில் உலகச் சந்தை சரிந்தது. வங்கிகளைக் காக்க அரசாங்கம் பணத்தைக் கொட்டியது. பிறகு, கஜானா காலி என்று சொல்லி, உள்ளாட்சி மன்றங்களுக்குத் தந்துவந்த பணத்தை வெட்டியது. 2010-க்கும் 2018-க்கும் இடையில், விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால், மத்திய அரசாங்கம் உள்ளாட்சிக்குத் தந்த பணம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. இது அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே தந்த கணக்கு.

பாதிப் பணத்தை வைத்துக்கொண்டு நகர மன்றம் என்ன செய்யும்? சட்டம் கட்டாயப்படுத்தியதை முதலில் செய்யும். கட்டாயமில்லாததைக் கைவிடும். கட்டாயமில்லாத வரிசையில் முன்னால் நின்றது பூங்கா. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முந்தைய மூன்று ஆண்டுகளில் தங்கள் பணம் வெட்டப்பட்டது என்று பூங்கா மேலாளர்களில் 100-க்கு 92 பேர் சொன்னார்கள். தோட்டக்காரர் வீட்டுக்குப் போனார், காவலாளி போனார், கழிப்பறை பூட்டப்பட்டது, உடைந்த ஊஞ்சல் உடைந்தபடியே தொங்கியது. பூங்காவை ஒரே நாளில் மூடினால் மக்கள் கொதிப்பார்கள். கவனிக்காமல் விட்டால் அதுவே சாகும். செத்த பிறகு, "யாரும் வராத இடம்தானே, விற்றுவிட்டால் என்ன?" என்று கேட்பது எளிது.

மருத்துவமனையா, பூங்காவா?

வெட்டுகிறவர்களிடம் ஒரு வாதம் உண்டு. அதையும் எடைபோட்டுப் பார்த்துவிடுவோம். "படுக்கையில் கிடக்கும் கிழவிக்குக் கஞ்சி ஊற்ற ஆள் இல்லை. இந்த நிலையில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள். நகர மன்ற உறுப்பினர் பலர் மனம் நொந்துதான் அந்த வெட்டுக்குக் கை தூக்கினார்கள். கிழவியா பூங்காவா என்றால் நாமும் கிழவி பக்கம்தான் நிற்போம்.

ஆனால் இந்தக் கேள்வியை அமைத்தவர் யார்? கிழவியின் கஞ்சியையும் குழந்தையின் ஊஞ்சலையும் ஒரே தட்டில் போட்டுவிட்டு, பெருஞ்செல்வரின் வரியைத் தராசுக்கே வராமல் ஒளித்துவைத்தவர் யார்? தவிரவும், பூங்கா சாவது கிழவிக்கும் கேடு. மாலையில் காலாற நடக்க இடமிருந்தால் அவள் படுக்கையில் விழும் நாள் தள்ளிப்போகும். பணக்காரருக்குத் தம் பங்களாவிலேயே தோட்டம் உண்டு. கட்டணம் கட்டிச் சேரும் கிளப்பு உண்டு. இரண்டு அறை வீட்டுக்காரனுக்கு உள்ள ஒரே தோட்டம் அந்தப் பூங்கா. அதைக் கெடுப்பது, ஏழைமேல் போடும் ரசீது இல்லாத வரி.

துடைப்பத்தை எடுப்பதா, கொடியை எடுப்பதா?

இனிதான் நம் ஊழியர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம். பூங்கா பாழாவதைக் கண்ட இங்கிலாந்து மக்கள் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு ஊர் 'பூங்கா நண்பர்கள்' என்று சங்கம் கட்டினார்கள். குப்பை பொறுக்கினார்கள், செடி நட்டார்கள், வேலிக்கு வர்ணம் அடித்தார்கள். இப்படி ஆயிரக்கணக்கான சங்கங்கள். போற்ற வேண்டிய உழைப்பு! ஆனால் இதைப் பார்த்த ஆட்சியாளர் என்ன நினைப்பார்? "அட, கூலி இல்லாமலே வேலை நடக்கிறதே! அடுத்த ஆண்டும் வெட்டலாம்" என்றுதானே நினைப்பார்? தோட்டத் தொழிலாளி ஒருவன் வேலையிழந்து வீட்டில் இருக்கிறான். அவன் செய்த வேலையை, ஓய்வு நாளில், இன்னொரு தொழிலாளி இலவசமாகச் செய்கிறான். அன்பினால்தான் செய்கிறான். அந்த அன்பையே ஆட்சி தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது!

அமெரிக்காவில், கலிபோர்னியாவில், நடந்ததைக் கேளுங்கள். 2011-இல் அந்த மாநில அரசாங்கம் பூங்காத் துறைக்கு 2 கோடியே 20 லட்சம் டாலரை வெட்டியது. மாநிலப் பூங்காக்களில் 70-ஐ, அதாவது நான்கில் ஒன்றை, 2012 ஜூலைக்குள் மூடுவோம் என்று பட்டியல் போட்டது. மக்கள் துடித்தார்கள். உண்டியல் குலுக்கினார்கள், சங்கங்கள் பணம் கொடுத்துப் பூங்காவை நடத்த முன்வந்தன. 2012 ஜூலையில் வெளிவந்தது செய்தி: பூங்காத் துறையின் ஒரு நிதியில் 2 கோடி டாலருக்கும் மேல், கணக்கில் காட்டாமல், ஆண்டுக்கணக்காகக் கிடந்திருக்கிறது! வெட்டிய தொகை எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு. துறையின் தலைவர் பதவி விலகினார். மக்கள் கொடுத்த காசு வீணல்ல; பூங்காக்கள் பெரும்பாலும் தப்பின. என்றாலும், உண்டியலை நீட்டுமுன் "கணக்கைக் காட்டு" என்று கேட்டிருந்தால் உண்மை முன்பே வெளிவந்திருக்குமே!

ஆகவே துடைப்பம் வேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஒரு கையில் துடைப்பம் இருக்கட்டும். மறு கையில் கோரிக்கைச் சீட்டு இருக்கட்டும். "நாங்கள் உதவுகிறோம், ஆனால் தோட்டத் தொழிலாளிக்குப் பதிலாக வரவில்லை. அவனை மீண்டும் வேலைக்கு எடு, கணக்கைப் பொதுமக்கள் முன் வை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் துடைப்பத்தைத் தொடுவதே முறை.

போராட்டம் என்ன பெற்றது?

முழு வெற்றி என்று பொய் சொல்லமாட்டோம். பூங்காவைக் காப்பது சட்டப்படி கட்டாயக் கடமை ஆக வேண்டும் என்று 3,22,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பார்லிமெண்டின் குழு விசாரித்தது. பூங்காக்கள் ஆபத்தின் விளிம்பில் நிற்கின்றன என்று 2017 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. ஆனால் 'லாம்' என்பதை 'வேண்டும்' என்று மாற்றச் சொல்லும் துணிவு அந்தக் குழுவுக்கே வரவில்லை. அரசாங்கம் ஒரு செயற்குழுவை அமைத்து, 5 லட்சம் பவுன் ஒதுக்கியது. நாடு முழுதும் 27,000 பூங்காக்கள் என்று மதிப்பிடப்படும் தேசத்துக்கு 5 லட்சம் பவுன்! யானைப் பசிக்குச் சோளப்பொரி!

நியூகாஸில் நகரம் வேறொரு வழி பார்த்தது. 2019-இல் பூங்காக்களை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அறக்கட்டளை தானே வருமானம் தேடிக்கொள்ளும் என்றார்கள். பூங்காவில் வருமானம் என்றால் என்ன? கடை, கட்டணம், கொட்டகை. சில ஆண்டுகளுக்கு மேல் அது நிலைக்கவில்லை. பொறுப்பு மீண்டும் நகர மன்றத்தின் தலைக்கே வந்தது. பொதுச் சொத்தின் பாரத்தைப் பொதுமன்றம்தான் தாங்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

2025-இல் அமெரிக்க தேசியப் பூங்காக்களின் ஊழியர் சுமார் 1,000 பேர் பிப்ரவரியில் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். யோசெமிட்டி பூங்காவின் உயர்ந்த பாறையில் நாட்டுக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆபத்தை அறிவித்தார்கள் ஊழியர்கள். கத்திரி ஓயவில்லை. எதிர்ப்பும் ஓயவில்லை.

சென்னைக்கும் இந்தக் கதையோடு உறவு உண்டு. இங்கிலாந்தில் 'மக்கள் பூங்கா'க்கள் பிறந்த அதே காலத்தில், ஆளுநர் ட்ரெவெலியன் முயற்சியால், இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே 100 ஏக்கருக்கும் மிகுதியான பரப்பில் அதே பெயரில் ஒரு பூங்கா எழுந்தது. மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் கட்டடம் வந்தது, விளையாட்டு அரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் தேவையான கட்டடமாகவே வந்தது. துண்டு துண்டாகப் போனதில் பூங்கா எங்கே என்று இன்று தேட வேண்டியிருக்கிறது. 1923-இல் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தியது சென்னைக் கடற்கரை மணலில். திறந்த வெளி இல்லையென்றால் அந்தக் கொடி எங்கே ஏறியிருக்கும்?

தோழர்களே! அடுத்த முறை உங்கள் நகர மன்றம் வரவு செலவுத் திட்டம் போடும்போது, பூங்கா என்ற தலைப்பைத் தேடிப் பாருங்கள். சென்ற ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு, தோட்டத் தொழிலாளர் எத்தனை பேர் என்று கேளுங்கள். உறுப்பினரை நிறுத்திக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். கேட்க ஆளில்லாத தலைப்பைத்தான் கத்திரி தேடுகிறது. மரம் பேசாது, அதற்காக நாம் பேசுவோம்!