லாரிப் பட்டறையில் ஒரு வழக்கறிஞர்

1941 டிசம்பர் 8ஆம் தேதி அதிகாலையில் ஜப்பானியப் படை கோத்தா பாரு கடற்கரையில் இறங்கியது. சற்று நேரத்தில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகமும் தாக்கப்பட்டது. அதன் பிறகு இங்கே என்ன நடந்தது என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்லிச் சொல்லியே நமக்குத் தெரிய வைத்திருக்கிறார்கள். அதே நாள்களில் அமெரிக்கச் சீருடை அணிந்து நின்ற ஜப்பானிய முகங்களைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை. அவர்களில் ஒருவர் ஜான் ஃபுஜியோ ஐசோ. பின்னாளில் கலிஃபோர்னியா மாநில நீதிபதியானவர்.

ஐசோ 1909இல் கலிஃபோர்னியாவில் பிறந்தார். பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். அன்றைய சட்டப்படி அவர்கள் எத்தனை ஆண்டுகள் அங்கே வாழ்ந்தாலும் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது. அந்த மண்ணில் பிறந்த மகன் மட்டுமே குடிமகன். ஹாலிவுட்டில் நடுநிலைப்பள்ளியில் படித்தபோது சக மாணவர்கள் அவரை மாணவர் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பெற்றோர் சிலர் கொதித்தெழுந்தார்கள். பள்ளி நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? அவர் படிப்பை முடித்து வெளியேறும்வரை மாணவர் மன்றத்தையே நிறுத்தி வைத்தது. பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள். பெரியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

உயர்நிலைப்பள்ளியிலும் அதே கதைதான். அமெரிக்க அரசமைப்புச் சட்டம் பற்றிய பேச்சுப் போட்டியில் ஐசோ வென்றார். படிப்பிலும் அவர்தான் முதல். பட்டமளிப்பு விழாவின் முதன்மை மாணவர் என்ற சிறப்பு வேண்டுமா, பேச்சுப் போட்டியின் அடுத்த சுற்று வேண்டுமா, இரண்டில் ஒன்றுதான் என்று தலைமையாசிரியர் சொன்னார். ஐசோ போட்டியை விட்டுக் கொடுத்தார். அவருக்குப் பதிலாக இரண்டாமிடம் பெற்ற மாணவர் வாஷிங்டன் சென்றபோது, அவருக்குப் பயிற்சியாளராகத் துணைக்குப் போனவர் ஐசோவேதான். பதினாறு, பதினேழு வயதில் இப்படி ஒரு பயணம் போவதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்று இதைப் படிக்கும் பேச்சாளர்களுக்குப் புரியும்.

பிரவுன் பல்கலைக்கழகம், ஹார்வர்ட் சட்டக் கல்லூரி என்று படிப்பு நீண்டது. இடையில் தோக்கியோ சென்று ஜப்பானிய மொழியை முறையாகக் கற்றார். ஜப்பானியர் வீட்டில் பிறந்தவருக்கு எதற்கு ஜப்பானிய மொழி வகுப்பு என்று கேட்கலாம். வீட்டில் பேசுவது வேறு, சட்ட நூலைப் படிப்பது வேறு என்பதை அவர் சீக்கிரமே உணர்ந்திருந்தார். அமெரிக்க ராணுவம் அதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டது.

1941இல் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட ஐசோவுக்கு 31 வயது. ஹார்வர்டில் படித்த வழக்கறிஞர். அவரைச் சாதாரணச் சிப்பாயாகச் சேர்த்து, லாரி பழுதுபார்க்கும் பிரிவில் போட்டார்கள்! அதே நேரத்தில், ஜப்பானோடு போர் மூளப் போகிறது என்று எதிர்பார்த்த ராணுவம், மொழி தெரிந்தவர்களைத் தேடியது. மேற்குக் கரை முகாம்களில் இருந்த சுமார் 3,700 ஜப்பானிய வம்சாவளிச் சிப்பாய்களைச் சோதித்துப் பார்த்ததில், சரளமாக மொழி அறிந்தவர்கள் ஏறக்குறைய 3 விழுக்காட்டினர் மட்டுமே. எல்லாருக்கும் அம்மாவிடம் பேசத் தெரிந்திருந்தது. படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்கள்தான் இல்லை. தமிழ்த் தாளைக் கைவிடலாமா என்று தேர்வு நெருங்கும்போது யோசிக்கும் நம் பிள்ளைகள் அந்த 3 விழுக்காட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

வயதைக் காரணம் காட்டி ராணுவத்திலிருந்து விடுபட்டு வீடு திரும்ப ஐசோவுக்கு வாய்ப்பு இருந்தது. போகத்தான் நினைத்தார். மொழிப்பள்ளியை அமைத்துக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர் அவரைத் தடுத்து, உன் நாட்டுக்கு நீ தேவைப்படுகிறாய் என்ற பொருளில் பேசினார். அமெரிக்காவை 'உன் நாடு' என்று ஒரு வெள்ளையர் தன்னிடம் சொன்னது அதுவே முதல் தடவை என்று ஐசோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

1941 நவம்பர் 1ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ ராணுவ முகாமில், கைவிடப்பட்ட ஒரு விமானக் கொட்டகையில் பள்ளி தொடங்கியது. 60 மாணவர்கள், 4 ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் ஐசோ. பழப்பெட்டிகளே மேசை நாற்காலி. ஐந்து வாரங்களில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின்படி சுமார் 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வெளியேற்றத்தை நடத்திய தளபதியின் தலைமையகமும் அதே பிரசிடியோவில்தான் இருந்தது. ஒரு கட்டடத்தில் குடும்பங்களை வெளியேற்றும் உத்தரவுகள் தயாராயின. இன்னொரு கட்டடத்தில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் அமெரிக்காவுக்காக எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். விரைவில் பள்ளியும் மினசோட்டா மாநிலத்துக்கு இடம் மாற வேண்டியதாயிற்று.

ஐசோ கடுமையான ஆசிரியர். இரவு விளக்கணைத்த பிறகும் மாணவர்கள் கழிவறை வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தார்கள். அவரை எல்லாரும் விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் போர் முடிந்து பள்ளி மூடப்படுவதற்குள் சுமார் 6,000 பேர் பயிற்சி பெற்றார்கள். கைப்பற்றிய ஆவணங்களை மொழிபெயர்த்தார்கள், கைதிகளை விசாரித்தார்கள், பர்மா காடுகள்வரை சென்றார்கள். மொழியை அரைகுறையாகக் கற்ற வெள்ளையர் அதிகாரியாக இருக்க, அவரைவிட நன்றாக அறிந்தவர் சார்ஜண்டாகவே இருந்த அவலமும் நடந்தது. ஐசோ மட்டும் போரின் பிற்பகுதியில் மேஜர் ஆனார். இந்தப் பணி முழுவதும் ரகசியம். 1970களில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிசில் வழக்கறிஞர் தொழில். 1950களின் தொடக்கத்தில் ஆளுநர் ஏர்ல் வாரன் அவரை நகராட்சி நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார். அமெரிக்கப் பெருநிலத்தில் நீதிபதியான முதல் ஜப்பானிய வம்சாவளியினர் ஐசோதான். 1942இல் கலிஃபோர்னியாவின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்து, ஜப்பானியர்களை வெளியேற்ற வேண்டும் என்று முனைந்து வாதாடியவரும் இதே வாரன்தான். ஐசோவின் பெற்றோர் தலைமுறைக்குக் குடியுரிமை பெறும் வழியைத் திறந்த சட்டமும் 1952இல்தான் வந்தது. பின்னர் ஐசோ மேல்நிலை நீதிமன்றத்துக்கும், 1968இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் உயர்ந்தார். 1972இல் ஓய்வு பெற்றார்.

இவரை முன்மாதிரியாகக் காட்டும்போது எங்களுக்கு ஒரு தயக்கமும் உண்டு. அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு உழைத்தால் ஒருநாள் நாற்காலி கிடைக்கும் என்று மட்டும் இந்த வாழ்க்கையைப் படித்தால் அது ஆபத்து. அதே 1942இல் ஃபிரெட் கோரமாட்சு என்ற இளைஞர் வெளியேற்ற உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்துக் கைதானார். 1944இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1983இல்தான் அவர்மீதான தண்டனை நீக்கப்பட்டது. சீருடை அணிந்தவரும் உத்தரவை மறுத்தவரும் ஒரே உரிமையைத்தான் கேட்டார்கள். சட்டம் படிக்கப் போகும் மாணவர்கள் இருவரையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

முகாம்களில் அடைக்கப்பட்டவர்களிடம் அமெரிக்க அரசு 1988 ஆகஸ்டில் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. ஐசோ அதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 1987 டிசம்பரில் காலமாகியிருந்தார். அந்தக் கொட்டகைப் பள்ளியின் வழிவந்த ராணுவ மொழிக் கல்லூரி இன்று கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் இயங்குகிறது. அதன் நூலகத்துக்கு ஐசோவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.