இழை அவர்களுடையது, ரௌட்டர் நம்முடையது

ஃபைபர் இணைப்பு எடுத்த வீடுகளில் டிவிக்குப் பின்னாலோ, வாசல் நிலைக்கு மேலோ ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். கம்பத்திலிருந்து வரும் மெல்லிய கறுப்புக் கம்பி அதில்தான் முடிகிறது. அந்தப் பெட்டி இரண்டு வேலை பார்க்கிறது. கம்பியில் வரும் ஒளியை மின்குறிகளாக மாற்றுவது ஒன்று. அதைச் செய்யும் பகுதிக்கு ஓஎன்டி என்று பெயர். வீட்டிலுள்ள செல்போன், டிவி, கேமரா, லேப்டாப் எல்லாவற்றுக்கும் முகவரி கொடுத்து, எது எங்கே போகலாம், வெளியிலிருந்து எது உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பது இன்னொன்று. அது ரௌட்டரின் வேலை. இரண்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பதால், பிரிக்க முடியாதவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிரிக்கலாம். முதல் வேலை இணைப்பு தருபவரிடமே இருக்கட்டும்; இரண்டாவது வீட்டுக்காரர் கைக்கு வந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

முதல் வேலையை ஏன் அவர்களிடம் விடச் சொல்கிறேன் என்பது, ஒளி எப்படி வருகிறது என்று பார்த்தால் விளங்கும். எக்சேஞ்சிலிருந்து நம் வீட்டுக்கென்று தனி இழை வருவதில்லை. ஓஎல்டி என்ற கருவியிலிருந்து கிளம்பும் ஒற்றை இழை, வழியில் ஸ்ப்ளிட்டரில் 32 ஆகவோ 64 ஆகவோ பிரிகிறது. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். வருகிற ஒளியைப் பங்கு போட்டு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. நம் ஊர்களில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் வீட்டை நோக்கி வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து போவது 1310. ஒரே இழையில் இரண்டும் மோதாமல் போய்வருகின்றன. வரும் வழியில் விநாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட். அந்த ஸ்ப்ளிட்டரில் உள்ள எல்லா வீட்டுத் தரவும் அதில் சேர்ந்தே வரும். அவரவர் ஓஎன்டி தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

போகும் வழியில்தான் சிக்கல். எல்லா வீடும் ஒரே நேரத்தில் ஒளியை அனுப்பினால் ஒன்றும் விளங்காது. அதனால் ஓஎல்டி ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் ஒதுக்குகிறது. கணக்கெல்லாம் மைக்ரோவிநாடியில். ஒரு வீட்டு ஓஎன்டி கெட்டுப்போய், முறை தவறி ஒளியை விட்டுக்கொண்டே இருந்தால், அந்த ஸ்ப்ளிட்டரை நம்பியிருக்கும் அத்தனை வீட்டுக்கும் நெட் போய்விடும். கண்ட பெட்டியையும் இழையில் மாட்ட விடமாட்டோம் என்று நிறுவனங்கள் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஓஎன்டியின் வரிசை எண்ணை ஓஎல்டியில் பதிந்தால்தான் அது பேசவே தொடங்கும். பிஎஸ்என்எல் ஃபைபரில் வாடிக்கையாளரே ஓஎன்டியைக் கடையில் வாங்கிக்கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்கேயும் எண்ணைப் பதிய வேண்டும். தெருவுக்குப் பொதுவான இழை, அதன் ஒழுங்கை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்த நியாயம் ரௌட்டர்வரை நீளாது. என் பையனின் லேப்டாப்புக்கு எந்த முகவரி, வாசல் கேமரா இரவில் எந்த ஊர் சர்வரோடு பேசுகிறது, விருந்தாளிக்கு எந்த வைஃபை என்பதெல்லாம் ஸ்ப்ளிட்டரைத் தொடாத சமாசாரம். முழுக்க வீட்டு விவகாரம். அதை நடத்தும் பெட்டியின் அட்மின் கடவுச்சொல் பெரும்பாலும் நமக்குத் தரப்படுவதில்லை. வைஃபை பெயரை மாற்றும் அளவுக்கு ஒரு சாதாரணக் கணக்கு தருவார்கள். முழு அதிகாரம் உள்ள கணக்கு அவர்களிடம்.

வெளியிலிருந்தே பெட்டியை இயக்கவும் அவர்களால் முடியும். 2004இல் வெளியான டிஆர்-069 என்ற நெறிமுறை இதற்காகவே உருவானது. நிறுவனம் தன் இடத்திலிருந்தபடியே பெட்டியின் அமைப்பை மாற்றலாம், மென்பொருளைப் புதுப்பிக்கலாம், அணைத்துப் போடலாம். இதில் நன்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதானவர்கள் தனியே இருக்கும் வீட்டில், ஆள் வராமலே கோளாறு சரியாவது பெரிய உதவி. ஆனால் ஒரே மாதிரிப் பெட்டி லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே வழியைத் திறந்து வைத்திருக்கும்போது, அந்த வழி வேறு யாருக்கும் தெரியவந்தால் அத்தனை வீடும் ஒரே நாளில் மாட்டிக்கொள்ளும்.

2016 நவம்பரில் ஜெர்மனியில் அதுதான் நடந்தது. மிராய் என்ற தீநிரலின் ஒரு வகை, இந்தத் தொலைநிர்வாகத்துக்கான 7547ஆம் போர்ட்டைத் தட்டிக்கொண்டே உலகம் முழுக்கச் சுற்றியது. டாய்ச்ச டெலிகாம் தந்திருந்த பெட்டிகள் அதற்கு அடிமையாகவில்லை. தாக்குதலின் பாரம் தாங்காமல் செயலிழந்தன. ஏறத்தாழ 9 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு இணையமும் தொலைபேசியும் தடைப்பட்டன. மறு ஆண்டு ஜூலையில் நம் நாட்டிலும் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் தீநிரல் தாக்கி முடங்கின. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத மோடம்களே அதில் சிக்கின. வாடிக்கையாளர்கள் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு அறிவிப்பு வந்தது. தன் வீட்டுப் பெட்டிக்கு ஒரு கடவுச்சொல் இருக்கிறது என்பதையே அன்றுதான் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள்.

பெட்டி யாருடையது என்ற வழக்குக்கு வயது அதிகம். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம், தன் கம்பியில் தான் தராத எந்தக் கருவியையும் மாட்டக் கூடாது என்று நெடுங்காலம் சொல்லிவந்தது. பேசுவது பக்கத்தில் இருப்பவர் காதில் விழாமலிருக்க வாய்ப்பகுதியில் மாட்டும் ஒரு சாதாரணக் கிண்ணம், அதற்கு ஹஷ்-எ-ஃபோன் என்று பெயர், அதைக்கூட எதிர்த்து நின்றது. 1956இல் நீதிமன்றம் கிண்ணத்தின் பக்கம் நின்றது. பிறகு டெக்ஸஸ்காரரான தாமஸ் கார்ட்டர் வந்தார். வயல்வெளியிலும் எண்ணெய்க் கிணற்றிலும் இருவழி ரேடியோ வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் தொலைபேசியிலும் பேச ஒரு கருவி செய்தார். ரிசீவரை அதன் தொட்டிலில் வைத்தால் போதும், கம்பியோடு மின்தொடர்பே கிடையாது. அதையும் மாட்டக் கூடாது என்றது நிறுவனம். 1968 ஜூனில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி கார்ட்டருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வலைப்பின்னலுக்குத் தீங்கு செய்யாத கருவியை மாட்டிக்கொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். பதில் சொல்லும் கருவி, ஃபேக்ஸ், வீட்டு மோடம் எல்லாம் பின்னால் கடைக்கு வந்து விலை குறைந்ததற்கு அந்தத் தீர்ப்பு வழிவிட்டது. கார்ட்டரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஜெர்மானியர்கள் இன்னும் தெளிவாகக் கோடு போட்டார்கள். வலைப்பின்னல் எங்கே முடிகிறது என்பதே கேள்வி. எங்கள் ரௌட்டருக்குள் முடிகிறது என்றன நிறுவனங்கள். சுவரில் உள்ள சாக்கெட்டோடு முடிகிறது என்றது சட்டம். 2016 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சொந்தக் கருவியை மாட்டத் தேவையான பயனர் பெயர், கடவுச்சொல் உள்ளிட்ட விவரங்களைக் கேட்காமலேயே, காசு வாங்காமல் நிறுவனம் தந்தாக வேண்டும். இதற்காக ஐரோப்பியத் தன்னுரிமை மென்பொருள் அறக்கட்டளை விடாமல் வாதாடியது. ஃபைபருக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று நிறுவனங்களின் சங்கங்கள் பிறகு கேட்டுப் பார்த்தன. 2025இல் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு மறுத்துவிட்டது. நம் ஊரில் நான் கையெழுத்துப் போட்ட இணைப்புப் படிவங்கள் எதிலும் இப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை. நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அந்த வரியை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம்கூட வேண்டாம். இழையில் மாட்டும் கருவிக்குத் தரம் இது, அதற்கு அப்பால் வீட்டுக்காரர் விருப்பம், பயனர் விவரங்களைத் தருவது உங்கள் கடமை என்றால் போதும்.

அதுவரை கேட்டுப் பெற வேண்டியதுதான். நான் கேட்டது பிரிட்ஜ் மோட். அதாவது வெள்ளைப் பெட்டி ஒளியை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளும். மீதி எல்லாம் அதன் லேன் போர்ட்டில் மாட்டிய நம் ரௌட்டருக்கு. உதவி எண்ணில் பேசியவருக்கு நான் கேட்பது பிடிபடவில்லை. புகார் எண் மட்டும் கிடைத்தது. பைக்கில் பவர் மீட்டரும் ஸ்ப்ளைஸிங் மிஷினுமாக வந்த தம்பிக்கு உடனே பிடிபட்டது.

“பிரிட்ஜ் போட்டுத் தரேன் சார். அப்புறம் ஸ்பீடு வரலன்னு எங்கள டென்ஷன் பண்ணக் கூடாது.”

“உன் பெட்டியில நேரா லேப்டாப்ப மாட்டிப் பார்ப்பேன் தம்பி. அங்கயும் வரலன்னாத்தான் கூப்பிடுவேன்.”

“அப்படிப் பார்க்கறவங்களா இருந்தா எங்களுக்கும் அலைச்சல் மிச்சம்தான் சார்” என்றார்.

நிறுவனத்தின் வலைப்பின்னலில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், தரவு போகும் தடத்தைக் குறிக்கும் விலேன் எண் ஆகிய மூன்றையும் காகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலேன் எண் தவறினால் எல்லா விளக்கும் எரியும், நெட் மட்டும் வராது. சில இடங்களில் பழைய பெட்டியின் மேக் முகவரியோடு கணக்கைப் பூட்டி வைத்திருப்பார்கள். அதை விடுவிக்கவும் சொல்ல வேண்டும். லேண்ட்லைன் இருந்தால் அது வெள்ளைப் பெட்டியிலேயே இருக்கட்டும். அதற்குப் பெரும்பாலும் தனி விலேன். இணையத்தைப் பிரிட்ஜில் போட்டாலும் போன் அடிக்கும்படி அமைக்கலாம். போட்டுத் தரும்போதே ஒரு முறை அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. ஓஎன்டிக்கு வரும் கம்பியின் பச்சை நிற முனையைக் கழற்ற வேண்டிய அவசியம் எங்கேயும் இல்லை. கழற்றிவிட்டால் அதன் முகப்பைத் தொடாதீர்கள், கண்ணால் உற்றுப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் ஆபத்து.

பிரிட்ஜ் தரவே மாட்டோம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்போதும் நம் ரௌட்டரை அவர்கள் பெட்டிக்குப் பின்னால் மாட்டி, அவர்கள் வைஃபையை அணைத்துவிடலாம். முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கும், அவ்வளவுதான். சில ஆன்லைன் விளையாட்டுகளும், வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்கும் கேமராக்களும் தகராறு செய்யலாம். பல நிறுவனங்கள் ஏற்கெனவே ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், அந்தத் தகராறு பிரிட்ஜ் இருந்தாலும் முழுதாகத் தீராது.

கிகாபிட் போர்ட்டும் இரண்டு அலைவரிசையும் உள்ள ரௌட்டர் 2,000, 3,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேமராக்களையும் ஸ்மார்ட் டிவியையும் நான் தனி வைஃபையில் வைத்துவிட்டேன். அவற்றுக்கு என் கணினியிலுள்ள கோப்புகளோடு எந்த வேலையும் இல்லை. ரௌட்டர் நடு ஹாலுக்கு வந்தது. தம்பிகள் கம்பி நுழையும் இடத்திலேயே பெட்டியை மாட்டிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கிருந்து ஒரு நெட்வொர்க் கேபிளை இழுப்பது நம் பொறுப்பு. கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் அலை சோர்ந்துவிடுகிறது. பெரிய லாபம் வேறு: நிறுவனத்தை மாற்றினாலும் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மாறாது. அம்மாவின் டேப்லெட்டிலிருந்து வாசல் மணிவரை ஒவ்வொன்றாகத் திரும்ப இணைக்க வேண்டாம். அதற்குப் பயந்தே சரியில்லாத இணைப்பை விடாமல் வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

சொந்த ரௌட்டர் வாங்கினால் பொறுப்பும் வரும். தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திய பழைய ரௌட்டர், நிறுவனத்தின் பெட்டியைவிட மோசம். வாங்கும் முன் ஓபன்டபிள்யூஆர்டி அந்த மாடலில் ஓடுமா என்று நான் பார்ப்பேன். லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக் கறுப்பு ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்து, உரிமப்படி மூலநிரலை வெளியிட வைத்ததிலிருந்து பிறந்த மென்பொருள் அது. தயாரிப்பாளர் கைவிட்ட பிறகும் பல ரௌட்டர்களை அது பாதுகாப்பாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டு வையுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

மின்வெட்டை மறக்க வேண்டாம். இப்போது பெட்டி இரண்டு, இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். பெரும்பாலும் இரண்டுமே 12 வோல்ட்தான் என்றாலும், அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து மினி யூபிஎஸ் வாங்குங்கள்.

நெட் நின்றால் முதலில் வெள்ளைப் பெட்டியைப் பாருங்கள். ஒளி வரவில்லை என்று காட்டும் லாஸ் விளக்கு சிவப்பாக மினுக்கினால் கோளாறு இழையில். உங்கள் ரௌட்டரைத் தொடவே வேண்டாம், நேராகக் கூப்பிடுங்கள். வருகிற தம்பி பவர் மீட்டரை வைக்கும்போது எவ்வளவு என்று கேளுங்கள். மைனஸ் 20, 22 டிபிஎம் என்றால் கவலையில்லை. மைனஸ் 27ஐத் தாண்டினால் எந்த ரௌட்டர் வைத்தும் பயனில்லை. எங்கோ கம்பி மடங்கியிருக்கிறது அல்லது ஸ்ப்ளைஸ் கெட்டிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் அவரை அனுப்பாதீர்கள்.