கணக்கைக் காப்போம், உரிமையைக் கேட்போம்

கள்வன் அன்று கதவை உடைத்தான். இன்று தொலைபேசியில் அழைத்து, நம்மிடமே திறவுகோலைக் கேட்டு வாங்குகிறான். கொட்டாஞ்சேனை வணிகரும் வெள்ளவத்தை ஓய்வூதியரும் வன்னிக் கமக்காரரும் இவ்வாறு பணம் இழந்த செய்திகள் நம் காதுக்கு எட்டிய வண்ணம் இருக்கின்றன. இழந்தோருட் பலர் வாய் திறப்பதில்லை. வெட்கம் ஒரு காரணம். பொலிஸ் நிலையத்தில் புரியாத மொழி காத்திருக்கிறது என்ற அச்சம் மற்றொரு காரணம்.

படித்தவர் ஏமாறார் என்று எவரும் இறுமாந்திருத்தல் ஆகாது. 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணினிகளுட் புகுந்தோர், நியூயோர்க்கில் அவ்வங்கிக்கிருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை வெளியேற்றப் பொய்யாணைகள் அனுப்பினர். 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. 2 கோடி டொலர் இலங்கையை நோக்கி வந்தது. பெறுபவரின் பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தது. வங்கி ஊழியர் ஐயுற்று விளக்கம் கேட்டனர். பணம் தடுக்கப்பட்டுத் திரும்பியது. ஐயம் பிறந்த இடத்தில் நின்று கேட்ட கவனமே அந்த 2 கோடியைக் காத்தது.

அக்கவனத்தையே நம் மக்களிடமும் வேண்டுகிறோம். ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறை இரகசிய எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் பெறுவதற்கு அவ்வெண் வேண்டியதில்லை. அதனைக் கேட்பவன் கள்வனே. வெங்காயமும் மிளகாயும் லொறியேற்றும் கமக்காரர், பற்றுச்சீட்டின் படத்தை நம்பிச் சரக்கை விடலாகாது. பணம் கணக்கில் விழுந்ததைத் தாமே பார்க்கவேண்டும். சரக்குத் தருபவரின் கணக்கிலக்கம் மாறிவிட்டதென்று செய்தி வந்தாலும், வெளிநாட்டு உறவினர் பெயரில் அவசரமாகப் பணம் கேட்கப்பட்டாலும், முன்பே அறிந்த இலக்கத்தில் அழைத்துத் தெளியவேண்டும். குரலையும் போலி செய்யும் காலம் இது.

இளைஞர்க்கும் ஒரு சொல். 2024ஆம் ஆண்டில் நீர்கொழும்பு, மாதிவெல, பத்தரமுல்லை ஆகிய இடங்களில் இணைய மோசடிச் சந்தேகத்தில் வெளிநாட்டவர் பலர் கைதானதை நாடறியும். இத்தகைய கூட்டத்தார்க்குப் பணத்தைக் கைமாற்ற உள்ளூர்க் கணக்குகள் தேவை. சிறு தரகுக்கு ஆசைப்பட்டு உங்கள் கணக்கை இரவல் கொடாதீர்கள். தமிழ் இளைஞனின் கணக்கில் வந்தவழி தெரியாப் பணம் கிடந்தால் விசாரணை எங்கெங்கு நீளும் என்பதை நம் சமூகம் பட்டறிந்திருக்கிறது.

மக்களின் கடமை இது. அரசின் கடமை யாது? 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. நிதி நுகர்வோரைப் பாதுகாக்க மத்திய வங்கி 2023இல் ஒழுங்குவிதிகளும் வகுத்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. அச்சட்டம் தமிழரிடம் தமிழிற் பேசுகிறதா என்பதே நம் கேள்வி.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. நாட்டின் எப்பகுதியிலும் அரச அதிகாரியுடன் தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஏட்டிலுள்ள இவ்வுரிமை முறைப்பாட்டு மேசைக்கு வரவேண்டும். பணம் நொடியிற் கைமாறும் இக்காலத்தில், முறைப்பாட்டை மொழிபெயர்க்க ஆள் தேடும் ஒவ்வொரு மணித்தியாலமும் கள்வனுக்கு நாம் வழங்கும் தவணையாகும். புரியாத மொழியிலுள்ள வாக்குமூலத்திற் கையொப்பமிடுபவர் தம் வழக்கைத் தாமே பலவீனப்படுத்துகிறார்.

தனியார் வங்கிகளை அவ்வுறுப்புரை நேரே கட்டுப்படுத்தாது. ஆதலின் மத்திய வங்கியே தன் அதிகாரத்தால் அவற்றைக் கட்டுப்படுத்தவேண்டும். எச்சரிக்கைச் செய்தி, உடன்படிக்கை, இரவு பகலாக இயங்கும் முறைப்பாட்டுத் தொலைபேசி ஆகிய மூன்றும் எல்லா வங்கிகளிலும் தமிழில் இருக்கவேண்டும். கணினிக் குற்றங்களை விசாரிக்கும் பொலிஸ் பிரிவுகளில், கொழும்பிலும் வடக்கு கிழக்கிலும், தமிழறிந்த அதிகாரிகள் போதியளவில் இருக்கவேண்டும். சலுகையாக இதனைக் கேட்கவில்லை. சட்டம் தந்ததையே கேட்கிறோம்.

1958இலும் 1983இலும் தீயிற் கடைகளை இழந்து, மீண்டும் கதவு திறந்தவர்கள் நம் வணிகர்கள். அப்படித் தேடிய பொருளை ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பறிகொடுக்கலாமா? ஏமாந்தவர் வெட்கப்படவேண்டியதில்லை, வெட்கம் ஏமாற்றியவனுக்கே உரியது. அந்நிமிடமே வங்கிக்கு அறிவித்துக் கணக்கை நிறுத்துங்கள். பின்னர் முறைப்பாட்டை எழுத்திற் கொடுங்கள், தமிழிலேயே கொடுங்கள்.