கண்டெழுதுதலும் கற்பித்தெழுதுதலும்

கதையெழுதுவதற்கு வேண்டுவது கற்பனை ஒன்றே என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியிருக்கிறது. செய்யுள் இயற்ற யாப்பறிவு வேண்டும். சரித்திரம் வரையச் சாசனங்கள் வேண்டும். கதைக்கோ தாளும் எழுதுகோலும் ஓய்ந்த மாலைப் பொழுதுமே போதும் என்பர். நாமும் ஒருகாலத்தில் அங்ஙனமே எண்ணியிருந்தோம். அது பிழையென உணர்ந்த வரலாற்றைக் கூறி, அதனாற் பெற்ற கருத்தொன்றை அன்பர் முன் வைக்க விழைகின்றோம்.

நாம் கல்லூரியிற் பயின்ற நாளில், திருப்பத்தூரினின்று ஜவ்வாது மலையேறிப் புதூர்நாட்டுக்கு ஒருநாள் சென்று மீண்டோம். மலைக்காற்றும் மூங்கிற் புதர்களும் நெஞ்சைக் கவர்ந்தன. மீண்ட வாரமே அவ்வூர் இளைஞனொருவனைத் தலைவனாக்கிக் கதையொன்று வரைந்தோம். அவன் குழலூதினான், தேனெடுத்தான், சூதறியாது காதலித்தான், முடிவில் பாறையினின்று வீழ்ந்து மாண்டான். நண்பர் பலர் பாராட்டினர். அம்மலையிற் பிறந்து நம்முடன் பயின்ற ஒருவர் மட்டும் அதனைப் பொறுமையாகப் படித்துத் திருப்பித் தந்து, “எங்கள் ஊரின் பெயர் இருக்கிறது, எங்கள் ஊர் இல்லை. உங்கள் கதையில் ஒருவரும் வேலை செய்யவில்லையே!” என்றார்.

அவர் சினந்து கூறியிருப்பின் நாமும் வாதிட்டிருப்போம். அமைதியாகக் கூறியதால் வெட்கினோம். சாமை விதைப்பதும் களையெடுப்பதும் இடிப்பதுமாகிய உழைப்பில் ஒரு சொல்லும் நம் கதையில் இல்லை. அதனினும் பெரும்பிழை மற்றொன்று. அம்மலை மக்கள் மலையாளிகள் எனப்படுவர் என்று கேட்ட நாம், கதைத் தலைவன் வாயில் மலையாள மொழியைப் புகுத்திவிட்டோம்! மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் அப்பெயருக்கும் கேரள நாட்டுக்கும் தொடர்பில்லை. அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தவர் என்பது அவர்தம் வழிவழிக் கதை. ஒருவரை ஒரு கேள்வி கேட்டிருந்தால் இப்பிழை நேர்ந்திராது.

இங்ஙனம் கேட்டறிந்து எழுதுதல் மேனாட்டார் கற்பித்த புது வழக்கமென எண்ணற்க. ஜவ்வாது மலையின் அடிவாரத்திலுள்ள செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னன்மீது பெருங்கௌசிகனார் பாடியது மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட அப்பாட்டில், பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் இடமும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்குத் தப்பும் வகையும் கூத்தருக்கு உரைக்கப்படுகின்றன. மலையைத் தொலைவினின்று வியந்தவர் இவற்றைக் கூறவியலாது. வழிநடந்தார்க்கே இவை தெரியும்.

நம் காலத்துச் சான்றும் உண்டு. ராஜம் கிருஷ்ணன் (1925–2014) கல்லூரிக் கல்வி பெற்றவரல்லர். மின்துறைப் பொறியாளரான கணவருடன் நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் படகர் வாழ்வை அணுகிக் கண்டு ‘குறிஞ்சித்தேன்’ என்னும் நாவலை வரைந்தார். பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியே அதில் காலக்கணக்கு. பின்னர்த் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே சென்று அவர்தம் துயரைக் கேட்டறிந்து ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். உப்பு நம் உணவிற்குச் சுவை. அதை விளைப்போர்க்கோ கண்ணையும் காலையும் அரிக்கும் பகை. இதனை அறைக்குள் அமர்ந்து கற்பித்துக்கொள்ளல் எளிதன்று.

அங்ஙனமாயின் அவரவர் தத்தம் வாழ்வையன்றிப் பிறிதெழுதலாகாதோ எனின், அன்று. பிறர் நெஞ்சினுள் புகுவதற்குக் கற்பனை இன்றியமையாதது. ஆயினும் அது விதையே; நிலமன்று. விதையைக் கையில் வைத்துக்கொண்டே விளைச்சலைக் காட்டுவோர் வாசகரை மட்டுமன்றி, எழுதப்பட்ட மக்களையும் ஏய்க்கின்றனர். மலைமக்களைக் கபடமற்ற குழந்தைகளெனப் புகழ்வதும் காட்டுமனிதரென இகழ்வதும் ஒரு பிழையின் இரு கிளைகளே. இரண்டிலும் அவர்களுடைய அறிவுக்கு இடமில்லை.

இத்தகைய எழுத்து பொருள் ஈட்டித் தருமோ எனக் கேட்பார்க்கு, பெரும்பாலும் தாராது என்பதே விடை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி மாணவரான அ. மாதவையா உப்பு இலாகாவில் ஊழியஞ் செய்து கிடைத்த ஓய்விலேயே எழுதினார். 1973ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற ராஜம் கிருஷ்ணனும் முதுமையில் முதியோர் இல்லத்தை நாட நேர்ந்தது. 2009இல் அரசினர் அவர்தம் நூல்களை நாட்டுடைமையாக்கி உதவினர். இதை அறிந்தும் எழுதத் துணிபவர், செல்வத்தை நாடாவிடினும், உண்மையையேனும் ஈட்ட வேண்டாவோ?

ஆதலின் மாணவ அன்பர்காள், கதையை முடித்ததும் அச்சுக்கு அனுப்பற்க. அதிற் கூறப்பட்டோருள் ஒருவரிடம் முதலிற் படித்துக் காட்டுக. அவர் முகத்தினும் மேலான மதிப்புரை இல்லை. மலையினின்று கல்லூரிக்கு வந்துள்ள தம்பி தங்கையரை மற்றொன்றும் வேண்டுகின்றோம்: எங்கள் பிழைகளைத் திருத்துவதோடு அமையாது, நீங்களே எழுதுங்கள். எங்கள் கதையைத் திருப்பித் தந்த அந்நண்பர் தம் ஊரைத் தாமே எழுதியிருப்பின், இக்கட்டுரைக்கு இடமே இருந்திராது.