பெயராகும் எண்ணும் அளவாகும் எண்ணும்

கள அலுவலகங்களில் சேரும் பட்டியல்களில் எழுத்தும் எண்ணும் கலந்தே வருகின்றன. மண் மாதிரிப் பட்டியலை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். அதன் ஒவ்வொரு வரியிலும் கிராமத்தின் பெயர், நிலத்தின் சர்வே எண், மண்ணின் அமில கார நிலை ஆகியவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு நிற்கும். இவற்றை வரிசைப்படுத்த, 1971-ஆம் ஆண்டில் யூனிக்ஸ் அமைப்பின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்ற ‘சார்ட்’ என்னும் கட்டளை இன்றும் லினக்ஸ் கணினிகளில் வழங்கி வருகிறது. ஆயிரக்கணக்கான வரிகளை அது நொடிப்பொழுதில் அடுக்கிவிடும். ஆனால், எம்முறையில் அடுக்க வேண்டும் என்பதை அது தானே அறியாது. அதனைக் கூறும் பொறுப்பு, களத்தில் பதிவு செய்தவரையே சாரும்.

கட்டளையுடன் சில எழுத்துக் குறிகளைச் சேர்ப்பது வழக்கம். ‘டி’ என்னும் குறி பத்திகளைப் பிரிக்கும் அடையாளத்தையும், ‘கே’ என்னும் குறி எந்தப் பத்தியை நோக்க வேண்டும் என்பதையும் தெரிவிக்கும். வேறு குறி இல்லாவிடில், கட்டளை எழுத்தெழுத்தாகவே ஒப்பிடும். ஆகவே 12/10 என்னும் சர்வே எண் 12/2-க்கு முன்னே வந்துவிடும். எண்ணாகக் கருதுமாறு ‘என்’ குறியைச் சேர்த்தாலும் குறை தீராது. சாய்கோட்டைக் கண்டதும் எண் முடிந்ததெனக் கொண்டு, இரண்டையும் வெறும் 12 என்றே அது படிக்கும். பெரிய எழுத்து ‘வி’ குறியைச் சேர்த்தால் இலக்கத் தொகுதிகள் தனித்தனியே மதிக்கப்பெற்று, 2-க்குப் பின் 10 முறையாக வரும்.

அதே ‘வி’ குறியை அமில கார நிலைக்குப் பயன்படுத்தினாலோ பிழை நேரும். 6.45 என்பது 6.5-ஐவிடக் குறைந்தது. அக்குறியோ புள்ளிக்குப் பின்னுள்ள 45-ஐ 5-ஐவிடப் பெரியதாகக் கொண்டு, வரிசையைப் புரட்டிவிடும். இங்கு ‘என்’ குறியே பொருத்தமானது. சர்வே எண் நிலத்தின் பெயர்; அமில கார நிலை மண்ணின் அளவு. இரண்டும் இலக்கங்களாலேயே எழுதப்படுகின்றன. அவற்றின் வேறுபாட்டை அறிந்தவர் பதிவு செய்தவரே.

வெற்றிடம் இன்னும் கவனத்திற்குரியது. ‘பரிசோதிக்கவில்லை’ என்று எழுதிய இடத்தையும், ஒன்றும் எழுதாத இடத்தையும் ‘என்’ குறி சுழியத்திற்குச் சமமாகவே மதிக்கும். அவ்வரிகள் பட்டியலின் தலைப்பில், மிக அதிக அமிலத்தன்மை உள்ள மண்ணின் இடத்தில் போய் நிற்கும். முதல் பத்து வரிகளை மட்டும் நோக்கிச் சுண்ணாம்பு இடப் பரிந்துரைப்பவர், சோதித்தே அறியாத நிலத்திற்கும் அதனைப் பரிந்துரைத்துவிடுவார். நஷ்டம் விவசாயியைச் சேரும். ஆகவே, சோதிக்காத வரிகளை முதலில் வேறாகப் பிரித்து வைப்பது அவசியம்.

சர்வே எண்ணை 0012/0002 என்று சுழியங்கள் சேர்த்து எழுதிவிட்டால் தொல்லை தீரும் என்பர் சிலர். கணினிக்கு அது வசதியே. ஆயினும், நிலப் பதிவேட்டில் உள்ள எண்ணோடு அவ்வெண் எழுத்துக்கு எழுத்து ஒவ்வாது. பின்னர் இரு பட்டியல்களைக் கணினி ஒப்பிடும்போது ஒரே நிலம் இரண்டாகத் தோன்றும். மூல எண்ணை உள்ளவாறே காத்து, புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் வரிசைக்கென வேறு இரு பத்திகளில் எழுதுவதே தகும்.

ஆசிரியர்கள் இதனைக் கணினியின்றியே கற்பிக்கலாம். 2, 10, 6.5, 6.45, 12/2, 12/10 என எழுதிய சீட்டுகளை மாணவரிடம் கொடுத்து அடுக்கச் செய்தால், முதலில் எழும் வினா ‘இவை எதைக் குறிக்கின்றன?’ என்பதாகவே இருக்கும். ஒவ்வொரு பட்டியலின் தலைப்பிலும் அவ்வினாவிற்கு ஒரு வரியில் விடை எழுதி அனுப்புவது கள ஊழியரின் கடமையாதல் வேண்டும்.