காற்றுதானே என்று கருதலாமா?

பாறை பிளக்கிறது, பாலம் நீள்கிறது, மாளிகை எழுகிறது. பாறையைப் பிளக்கும் தோழன் கையிலே துளைக்கருவி. அதற்கு மூச்சு தருவது, தூரத்திலே நின்று உறுமும் கம்ப்ரசர். இரண்டையும் இணைப்பது ஒரு ரப்பர்க் குழாய். அந்தக் குழாயைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

காற்றுதானே, என்ன செய்துவிடும் என்று கேட்பார் உண்டு. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பவுண்டு அழுத்தம் அதற்குள்ளே! லாரி டயரில் அடைக்கிற காற்றுக்கு இணையானது. டயர் வெடித்தால் காற்று தீர்ந்துவிடும். குழாய்க்கோ கம்ப்ரசர் ஓயாமல் ஊட்டிக்கொண்டே இருக்கிறது. கப்ளிங் கழன்றால், முனையிலுள்ள இரும்போடு குழாய் சாட்டையாய்ச் சுழலும். கண்ணைப் பறிக்கும்; மண்டையைப் பிளக்கும்; உயிரையும் குடிக்கும்.

தடுக்க வானத்தை வில்லாக வளைக்க வேண்டுமா? வேண்டாம். கப்ளிங் திரும்பாதிருக்க ஒரு பின். கழன்றாலும் குழாய் துள்ளாதிருக்க, இருபுறமும் பிணைத்த எஃகுக் கம்பிக் கயிறு. குழாய் அறுந்தால் காற்றைத் தானே அடக்கும் வால்வு. அரை அங்குலத்துக்கு மேற்பட்ட உள்விட்டமுள்ள குழாய்க்கு, காற்று புறப்படும் இடத்திலோ கிளை பிரியும் இடத்திலோ அத்தகைய வால்வு வேண்டும் என்று அமெரிக்க நாட்டுக் கட்டுமான விதி கட்டளையிடுகிறது. இங்கேயும் 1996-ல் கட்டடத் தொழிலாளருக்கென நாடாளுமன்றம் சட்டம் செய்தது. பாதுகாப்பு வேலை தருபவரின் பொறுப்பு என்றது. சட்டம் ஏட்டிலே, கிளாம்பு இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி குழாயிலே!

ஆள் விழுந்தபின் விதி என்பார்கள். கம்பிக் கயிறு வாங்காதது யார் எழுதிய விதி?

தோழர்களே! வேலை தொடங்குமுன் குழாயைப் பாருங்கள். வெடிப்போ வீக்கமோ இருந்தால் ஒதுக்குங்கள். குழாயை மடக்கிப் பிடித்துக் காற்றை நிறுத்தாதீர்கள். வால்வை மூடி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, அதன்பின் கழற்றுங்கள். சட்டைத் தூசியை அந்தக் காற்றால் ஊதாதீர்கள்; காயத்தின் வழியே உள்ளே புகும் காற்று உயிரையே பறிக்கக்கூடும்.

கட்டுக்கம்பி சுற்றிய குழாயை நீட்டினால், "மாற்றித் தாருங்கள், பிறகு தொடுகிறோம்" என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள். ஒருவன் சொன்னால் அவன் கூலி போகும். ஒன்றாகச் சொன்னால் குழாய் மாறும்!